புடையனுக்கு நாம் கட்டும் எலி வீடு

சரவணைக் கிராமத்தில் பழைய வளவு ஒன்றுக்குள் போனால் பனையோலை அடுக்கு ஒன்று கண்ணில் படும். வேலி அடைக்கவென்று வெட்டி, மிதித்து, அடுக்கி வைத்த ஓலை. பக்கத்தில் விறகு, கொஞ்சம் தள்ளி வைக்கோல் போர், கொட்டிலுக்குள் நெல்லுச் சாக்கு. அந்த அடுக்கைப் பிரிக்கப் போனால் வீட்டுப் பெரியவர்கள் "வெறுங்கையை விடாதை, முதல் தடியாலை தட்டு" என்பார்கள். அடியில் சுண்டெலிக் கூடு இருக்கும். சில வேளை, அதைத் தேடி வந்த புடையன் பாம்பும் இருக்கும்.

பாம்புக்கு இரையாக எலி வளர்ப்பது வெளிநாடுகளில் பெரிய தொழில். கேட்டால் நமக்கு உடம்பு கூசும். ஆனால் எலி வளர்ப்பவர் காசு செலவழித்து அமைப்பதெல்லாம் நம் ஓலை அடுக்கில் இலவசமாகவே இருக்கிறது. இருட்டு, காய்ந்த தரை, காற்றுப் போக இடைவெளி, கூடு பின்னத் தும்பு, எட்டும் தூரத்தில் தானியம். இரை எலிக்கு வீடு கட்டுவதில் நாம் பரம்பரைக் கைகாரர். யாருக்காகக் கட்டுகிறோம் என்பதுதான் நமக்குத் தெரியாது.

பாம்புக்கென்று தெரிந்தே கட்டுகிறவர்களின் கதை வேறு. அது நஞ்சிலிருந்து தொடங்குகிறது. புடையன் கடித்தால் நம் மருத்துவமனையில் ஏற்றும் எதிர்நஞ்சு பல பத்தாண்டுகளாக இந்தியாவிலிருந்து வருகிறது. அதற்கான நஞ்சில் பெரும்பகுதியை எடுத்துக் கொடுப்பது, சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். அவர்கள் பாம்பை மண்பானையில் வைத்து, சில வாரங்களில் நான்கு தடவை நஞ்செடுத்து, திரும்பக் காட்டில் விட்டுவிடுவார்கள். ஆனால் இலங்கைப் பாம்பின் நஞ்சு இந்தியப் பாம்பின் நஞ்சை அப்படியே ஒத்ததல்ல. அதனால்தான் இங்கே பேராதனைப் பல்கலைக்கழகத்தினர் நம் நாட்டுப் பாம்புகளைச் சேகரித்து வைத்து நஞ்செடுத்தார்கள். நாகம், புடையன் உள்ளிட்ட நான்கு இனங்களின் நஞ்சைக் கொண்டு கோஸ்டாரிகாவில் எதிர்நஞ்சு ஒன்று தயாரானது. அதன் வலுவைச் சோதித்த முடிவுகள் 2016இல் வெளியாயின. சோதித்தது எலியில். பாம்பை மாதக்கணக்கில் வைத்திருக்கிற இடங்களில் அதற்குத் தீனியும் பெரும்பாலும் எலிதான். நயினாதீவில் நாகபூசணி அம்மனை வணங்கி வந்து புற்றுக்குப் பால் ஊற்றுகிற நமக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கலாம். பால் பாம்பின் உணவே அல்ல.

எலிக்கு வீடு கட்டுகிறவர் முதலில் மல்லுக்கட்டுவது பல்லோடு. எலியின் முன்பல் சாகும்வரை வளரும். அதன் மஞ்சள் நிறத்தை அழுக்கு என்று நினைக்காதீர்கள், பல்லின் எனாமலில் இரும்பு கலந்திருக்கிறது. பலகைப் பெட்டி செய்தால் கடித்துத் துளைத்துவிடும், சிறுநீரும் ஊறிப்போகும். வினோதம் என்னவென்றால், மெல்லிய பிளாஸ்டிக் தொட்டி நின்றுபிடிக்கும். பல் பதிய ஒரு விளிம்பு வேண்டும். வழுவழுப்பான சமசுவரில் எலிக்குப் பிடி கிடைக்காது. அதே தொட்டியில் காற்றுக்கென்று ஒரு துளை போட்டுப் பாருங்கள், அன்றிரவே அந்த விளிம்பில் வேலை தொடங்கிவிடும். அதனால் துளைக்குமேல் கம்பிவலை அடிக்க வேண்டும். கோழிக்கூட்டு வலை உதவாது. குட்டிச் சுண்டெலிக்கு 6 மில்லிமீற்றர் இடுக்கே வாசல், ஆகவே அதைவிடச் சிறிய கண்ணுள்ள வலை தேவை.

இனி வெக்கை. சுண்டெலி சுமார் 20 நாள் சினையாக இருந்து ஆறேழு குட்டி போடும். ஈன்ற ஒரு நாளுக்குள்ளேயே மறுபடி சினைப்படும். குட்டிகளோ மூன்று வாரத்தில் பால் மறந்து, ஆறு வாரத்தில் தாங்களே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். இவ்வளவு வேகமாகப் பெருகும் தாய்க்கு எல்லை போடுவது எது? தீனி என்றுதான் எவரும் நினைப்பர். 2007இல் அபர்டீன் பல்கலைக்கழகத்தினர் பாலூட்டும் எலிகளின் முதுகு மயிரை மழித்துப் பார்த்தார்கள். மழித்த தாய்கள் கூடுதலாகத் தின்றன, கூடுதலாகப் பால் சுரந்தன, குட்டிகளும் கொழுத்தன. பால் சுரக்கையில் உடம்பில் எழும் சூட்டை வெளியே தள்ள முடிந்த அளவுக்குத்தான் தாயால் சுரக்க முடிகிறது. எலிக்கு வியர்த்துத் தணிய வழியில்லை. சித்திரை வெயிலில் தகரக் கொட்டிலுக்குள் மூடி வைத்த பெட்டியில் எலி ஏன் பெருகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை நான் கண்டதில்லை. பனையோலை அடுக்கின் அடி, பகலிலும் குளிர்ந்தே கிடக்கும்.

அடுத்தது மூக்கு. சிறுநீரிலுள்ள யூரியாவைப் பக்டீரியா அமோனியாவாக்கும், அது மூச்சுக்குழாயை அரிக்கும். ஆகவே உமியோ தும்புத் தூளோ பரப்பி, நனைந்ததை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் மினுங்கக் கழுவிவிட்டால் ஆண் எலிகள் ஒன்றையொன்று குதறும். தமது வாசம் போன வீடு அவற்றுக்கு அந்நியர் வீடு. கைப்பழக்கமுள்ளவர்கள் ஈரத் தூளைக் கொட்டிவிட்டு, பழைய கூட்டை மட்டும் அப்படியே எடுத்துப் புதிய தொட்டிக்குள் வைப்பார்கள். வாசத்தின் வலு அதோடு முடியவில்லை. புதிதாய்ச் சினைப்பட்ட பெண் எலிக்கு அறிமுகமில்லாத ஆணின் வாசம் பட்டாலே கரு தங்காமல் போகும். 1959இல் ஹில்டா புரூஸ் கண்டுபிடித்தது இது. பெட்டியை எங்கே வைக்கிறோம், பக்கத்துப் பெட்டியில் யார் என்பதும் வீடு கட்டுவதில் சேர்த்திதான்.

இத்தனையும் செய்தாலும் நாம் கட்டுவது சுவர் மட்டும். ஒரு பிடி பனந்தும்பைப் போட்டால், எலி அதைப் பல்லால் கிழித்து, தன்னைச் சுற்றி உருண்டையாகப் பின்னி, உள்ளே போய்ச் சுருண்டுகொள்ளும். மயிர் முளைக்காத குட்டிகளின் சூட்டைக் காப்பது அந்த உருண்டைதான்.

ஓலை அடுக்கிலும் அதே உருண்டைதான் இருக்கிறது. சுவரோரம் ஓடும்போது எலி சிறுநீர்த் துளி விட்டு வழி குறித்து வைக்கும். தன் சொந்தம் அறிய வைத்த குறி அது. இரவில் புடையன் அதே வழியைப் பிளந்த நாக்கால் தொட்டுத் தொட்டு வாசித்துக்கொண்டு வரும். தடியால் தட்டினால் அதிர்வு தரைவழியே அதற்கு எட்டும். ஆனால் புடையன் சாரைபோல் ஓடுகிற சாதியல்ல. சுருண்டபடியே கிடந்து, பிரஷர் குக்கர் போலச் சீறும். சீறல் கேட்டால் அன்றைக்கு வேலி அடைப்பு இல்லை.