ஞாயிறு திறவாக் கடை

கடையைத் திறந்து பொருளீட்டியோர் வரலாறுகளை நாம் பல கேட்டிருக்கின்றோம். கடையைப் பூட்டிவைத்ததனாற் பெயர்பெற்ற ஒருவரின் வரலாறோ அரிது. அமெரிக்க நாட்டின் தென்பாகத்திலுள்ள ஜோர்ஜியா மாநிலத்தில் 93 ஆண்டுகள் வாழ்ந்து, சிறியதோர் உணவுச்சாலையை 1,800க்கு மேற்பட்ட கடைகளாக வளர்த்து, அவற்றுள் ஒன்றையேனும் ஞாயிற்றுக்கிழமையில் வாணிகத்துக்குத் திறவாதிருந்தவர் சாமுவேல் துரூயெற் கேத்தி என்பவர். அவருடைய செல்வத்தைக் காட்டிலும் அந்தப் பூட்டே என் சிந்தையைப் பெரிதுங் கவர்ந்தது. அதனாலேயே அவர் வாழ்வை ஈண்டு எழுதப் புகுந்தேன்.

கேத்தி 1921ஆம் ஆண்டு மார்ச் 14ஆந் திகதி ஈட்டன்டன் என்னும் ஊரிற் பிறந்தார். குடும்பம் வறியது. அற்லாந்தா நகரிற் குடியேறியபின், அன்னையார் தம் வீட்டிலே பிறருக்கு உணவும் உறைவிடமுங் கொடுத்து, அதனால் வந்த சிறு வருவாய்கொண்டு மக்களைக் காத்தார். அவ்வீட்டின் அடுக்களையே கேத்திக்கு முதற் பள்ளியாயிற்று. எட்டாம் வயதில் அவர் வாணிகந் தொடங்கினார். ஆறு போத்தற் கொக்கா கோலாவை 25 சதத்துக்கு வாங்கி, ஒன்று 5 சதமாக விற்றார். ஆறும் விற்றபின் கையில் மிஞ்சிய ஊதியம் 5 சதம். பின்னர்ப் பனிக்கட்டியிட்டுக் குளிரச்செய்து விற்றாராம். வாங்குவோன் தாகம் அறிந்து விற்பதே வாணிகம் என்பதை அச்சிறுவன் எந்நூலையுங் கல்லாமலே அறிந்துகொண்டான். செய்தித்தாள்களை வீடுவீடாகக் கொண்டுசென்று கொடுக்குந் தொழிலையும் அவன் செய்தான். கல்லூரிக் கல்வி அவனுக்குக் கிட்டவில்லை.

இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் படையிற் பணியாற்றித் திரும்பியபின், 1946ஆம் ஆண்டு மே மாதத்திலே, தம்முடன்பிறந்தார் பென் என்பாரோடு சேர்ந்து 10,600 டொலர் முதலீட்டில் ஹேப்வில் என்னுமிடத்தில் ஓர் உணவுச்சாலையை அமைத்தார். பத்து முக்காலிகளும் நான்கு மேசைகளுமே கொள்ளத்தக்க இடமாகலின், அதற்குக் 'குள்ளன் சாலை' என்று பொருள்படும் பெயரையே இட்டனர். முதல்நாள் விற்பனை 58 டொலர் 20 சதம். அடுத்த ஆண்டிலே அயலில் போர்ட் மோட்டார்த் தொழிற்சாலை இயங்கத் தொடங்கவே, தொழிலாளர் முறைமாற்றி வேலைசெய்யும் அவ்வூரிற் பகலும் இரவும் பசித்தோர் வந்தவண்ணம் இருந்தனர். சோதரர் இருவரும் 24 மணிநேரமுங் கடையை நடத்தினர். ஆயினும் ஆறு நாள்களே நடத்தினர். ஞாயிற்றுக்கிழமை கதவு பூட்டப்பட்டது.

இம்முடிவுக்கு அவர் இரு காரணங் கூறினார். ஒன்று, இறைவழிபாடு. மற்றையது, உடலின் களைப்பு. இரவும் பகலும் அடுப்படியில் நின்றவர்களுக்கு ஒருநாள் ஓய்வு வேண்டும் என்பது அவர்தம் அனுபவ உண்மை. இவ்விடத்தில் ஒன்று கருதத்தக்கது. விவிலியத்தின் பத்துக் கட்டளைகளுள் ஓய்வுநாளைப் பற்றியது, வீட்டுத் தலைவனுக்கு மாத்திரம் விதிக்கப்பட்டதன்று. ஏவலாளும் கால்நடையும் அந்நாளில் இளைப்பாறுதல் வேண்டும் என்பதும் அக்கட்டளையின் பகுதி. முதலாளி ஆலயத்திலே முழந்தாளிட்டிருக்க, அவன் கடை ஏவலாளன் அடுப்பனலில் வெந்துகொண்டிருத்தல் வழிபாட்டின் ஒரு பாதியே ஆகும். கேத்தி மறுபாதியையும் நிறைவேற்றினார். ஆலயத்துக்குச் செல்பவரும் செல்லாதவரும் ஆகிய தம் பணியாளர் அனைவர்க்கும் அவ்வோய்வு உரித்தாயிற்று.

நோன்பு நோற்றவர்க்கு உடனே நன்மை வந்து குவிந்ததென்று எழுதுவது கதைகட்டுவோர் வழக்கம். கேத்தியின் வாழ்வு அங்ஙனம் அமையவில்லை. கடை தொடங்கிய சில ஆண்டுகளுக்குள், பங்காளியும் துணைவருமாகிய பென் விமான விபத்தில் இறந்தார். 1960இல் அவருடைய இரண்டாவது உணவுச்சாலை தீக்கிரையாயிற்று. அக்காலத்திலேயே குடல்நோய் காரணமாக அறுவைச் சிகிச்சைக்கும் உட்பட்டார். இத்தனைக்குப் பின்னரே அவருக்கு நல்வாய்ப்பு வந்தது. விமானங்களில் வழங்குதற்கு அளவொத்த கோழியிறைச்சித் துண்டுகள் தேவைப்பட்டன. அவ்வளவுக்கு ஒவ்வாது கழிக்கப்பட்ட நெஞ்சுத் துண்டுகளை அவர் வாங்கினார். எலும்பு நீக்கிய அத்துண்டுகளுக்கு மசாலை சேர்த்து, அமுக்கச் சமையற்கலனில் ஒருசில நிமிடத்திற் பொரித்து, வெண்ணெய் தடவிய பணிசுக்குள், வினாகிரியில் ஊறிய வெள்ளரித் துண்டோடு வைத்துக் கொடுத்தார். சுவை நேராகும்வரை பலகாலும் மாற்றி மாற்றிப் பார்த்து, 1964 அளவில் அதன் பக்குவத்தை முடிவுசெய்தார். அதற்கிட்ட பெயர் 'சிக்-பில்-ஏ' என்பது. எலும்பற்ற துண்டைக் குறிக்குஞ் சொல்லின் ஈற்றில் நின்ற ஓசையை, முதற்றரத்தைக் குறிக்கும் 'ஏ' என்னும் எழுத்தாக்கிய சொல்விளையாட்டு அது. 1967இல் அற்லாந்தாவின் கிரீன்பிரையர் கடைத்தொகுதியில் அப்பெயர்கொண்ட முதற்கடை திறக்கப்பட்டது.

இனித்தான் பூட்டின் விலை தெரிந்தது. சிற்றூரிற் சிறுகடை நடத்துவோன் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை எடுப்பது பெரிதன்று. பெருங் கடைத்தொகுதிகளுக்குக் குடும்பங்கள் திரண்டுவரும் நாள் அதுவாக மாறிய பின்னரும், மற்றையோர் கடைகளெல்லாம் ஒளிவீச, தன் கடையை மாத்திரம் இருளவிடுதலே பெரிது. ஆண்டொன்றுக்கு 52 ஞாயிறு. 1946 முதல் அவர் இறந்த 2014 வரையுள்ள 68 ஆண்டுகளுக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய 3,500 நாள்களின் வருவாயை அவர் வேண்டாவென விட்டிருக்கின்றார். 1982இல் நாட்டின் பொருளாதாரந் தளர்ந்து, புதிய தலைமையகத்துக்கான செலவும் அழுத்திய வேளையில், அவர் தம் சம்பளத்தை எடாது விட்டார். ஞாயிற்றுக்கிழமைக் கதவை அப்போதுந் திறந்தாரல்லர். நெருக்கடி வந்தவிடத்துத் தன் கையை ஒடுக்கிக்கொண்டு, பணியாளரின் ஓய்வைக் கைவையாதிருந்த செயல் போற்றத்தக்கது.

பூட்டிய நாளில் அவர் என்ன செய்தார்? தம் பப்திஸ்து ஆலயத்தின் ஞாயிற்றுப் பாடசாலையில், 13 வயதுச் சிறுவர்க்கு வேதபாடஞ் சொல்லிக் கொடுத்தார். ஓராண்டு ஈராண்டு அன்று. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கொடுத்தார். நெடுங்காலம் மாணாக்கர் முன்னிலையில் நின்று பழகிய எனக்கு இச்செய்தியே அவர் வாழ்வின் உச்சமாகத் தோன்றுகின்றது. பதின்மூன்று வயது, குழந்தைமை நீங்கிக் காளைமை எய்தாத பருவம். கேட்பதிற் பாதியை நகைத்துத் தள்ளும் பருவம். அத்தகையோரை வாரந்தோறும் எதிர்கொள்ளப் பொறுமை வேண்டும். நன்கொடை கொடுக்கச் செல்வம் உள்ளார் பலர்க்கும் இயலும். தம் நாளைக் கொடுப்பவர் சிலரே.

பிறர் பிள்ளைகள்மீது அவர் கொண்ட கருத்து வேறு வழியாலும் வெளிப்பட்டது. தம் கடைகளில் வேலைசெய்யும் இளைஞர் கல்வியைத் தொடர 1973 முதல் உதவிப்பணம் வழங்கினார். 1984இல் வின்ஷேப் என்னும் அறநிலையத்தை நிறுவிப் பெற்றோர் பராமரிப்பற்ற சிறார்க்கு இல்லங்கள் அமைத்தார். கடையை நடத்த வருவோரிடமிருந்து அவர் நிறுவனம் பெற்ற தொடக்கப் பணம் நெடுங்காலம் 5,000 டொலரே. பின்னர் அது 10,000 ஆயிற்று. இடமும் கருவிகளும் நிறுவனத்தின் பொறுப்பு. முதலில்லாத உழைப்பாளியும் கடை நடத்தலாம் என்பதே இதன் பயன்.

நிறுவனத்தின் பங்குகளை அவர் பொதுமக்களுக்கு விற்றாரல்லர். பங்குச்சந்தைக்குக் கொண்டுபோவதில்லையென அவருடைய மக்களும் உடன்பட்டனர். இதன் பொருத்தம் எளிதில் விளங்கும். ஆயிரம் பங்காளர் வந்தால், ஞாயிற்றுக்கிழமை ஏன் பூட்டவேண்டும் என்று முதற் கூட்டத்திலேயே கேட்பர்.

அக்குடும்பத்தின் சமயப்பற்றுப் பிறரை நோகச்செய்த காலமும் உண்டு. ஒரே பாலினத்தார் திருமணத்தை மறுத்து 2012இல் அவர் மகன் டான் கேத்தி உரைத்த சொற்களும், அறநிலையத்தின் நன்கொடைகள் சில அத்திருமணத்தை எதிர்க்கும் அமைப்புகளுக்குச் சென்றமையும் நாடெங்கும் பெரும் பூசலை எழுப்பின. கடைகளைப் புறக்கணித்தோரும் இருந்தனர். ஆதரித்து வரிசையில் நின்றோரும் இருந்தனர். தம்மை ஒதுக்கியதாக உணர்ந்தோரின் துயரை மறைத்து இவ்வரலாற்றை எழுதுதல் முறையன்று.

ஆயின் கேத்தி மறைந்தபின் நிகழ்ந்த ஒன்றையும் உடன்சொல்லல் வேண்டும். 2016 ஜூன் 12, ஒரு ஞாயிற்றுக்கிழமை. புளோரிடாவின் ஒர்லாந்தோ நகரில், அத்தகையோர் கூடும் இரவு விடுதியொன்றிலே கொலைஞன் ஒருவன் சுட்டதில் 49 பேர் மாண்டனர். காயமுற்றோர்க்குக் குருதி கொடுக்க மக்கள் நெடுவரிசையில் நின்றனர். அன்று அந்நகரின் சிக்-பில்-ஏ பணியாளர் பூட்டைத் திறந்து, அடுப்பை மூட்டி, உணவு சமைத்து, அவ்வரிசையில் நின்றோர்க்கு விலையின்றி வழங்கினர். அடுத்த ஆண்டு டிசெம்பரில், மின்சாரம் அற்று அற்லாந்தா விமான நிலையத்திற் பயணிகள் தவித்த ஞாயிறன்றும் அவர்கள் உணவளித்தனர். ஓய்வுநாளில் நோயாளரைக் குணமாக்கியமைக்காக இயேசுநாதர் பழிக்கப்பட்டார் என்பதை விவிலியங் கற்றோர் அறிவர். விற்பதற்குத் திறவாத கதவு கொடுப்பதற்குத் திறந்தது என்பேன் யான். மாறுபட்ட கொள்கையுடையாரும் அவ்வொருநாள் ஒரே வரிசையில் நின்று உண்டனர்.

கேத்தி 2013இல் நிருவாகப் பொறுப்பை மகனிடம் ஒப்படைத்தார். 2014 செப்டெம்பர் 8, திங்கட்கிழமை அதிகாலையில், ஒரு ஞாயிறு கழிந்த சில மணிநேரத்துள், தம் இல்லத்தில் இறந்தார். 2021இல் அவருடைய பேரன் தலைமைப் பொறுப்பேற்றார். மூன்று தலைமுறை மாறியும் பழைய பூட்டு மாறவில்லை.

வாணிகத்தில் 'இன்னும்' என்னுஞ் சொல் எளிதில் வாயில் வரும். 'போதும்' என்னுஞ் சொல் வருதல் கடினம். ஐந்து சத ஊதியத்தில் தொடங்கிய ஒருவர், வாரத்தில் ஒரு நாள் அச்சொல்லைச் சொல்லிக் கதவடைத்துச் சென்று, சிறுவர் நடுவே அமர்ந்தார். கடை நடத்தும் அன்பர்கள் இதனை ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராக.