சங்க வண்டியின் கூரை ஒழுக்கு

நெய்வேலி நகரியத்திலும் அதனை அடுத்த கிராமங்களிலும் நடமாடும் கடையாக மோட்டார் வண்டி ஒன்றை இயக்கிவரும் சங்கத்தின் கணக்குகளைச் சென்ற ஆண்டு ஆய்வு செய்ய நேர்ந்தது. குறிஞ்சிப்பாடிக் கைலிகளும், பண்ருட்டி வட்டாரத்து முந்திரிப் பருப்பும், அங்கத்தினர் விளைவித்த பயறு வகைகளும் அவ்வண்டியில் விற்கப்படுகின்றன. செலவுப் பதிவேட்டில் "கூரை பழுது பார்த்த வகையில்" என்ற ஒரே வாசகம் ஓராண்டில் மூன்று முறை எழுதப்பட்டிருந்தது. மூன்றாவது பற்றுச்சீட்டுக்கு அடுத்த மாதமே, மழை நீரால் கறைபட்டு விலை குறைத்து விற்ற கைலிகளின் நட்டக் கணக்கும் காணப்பட்டது. வடலூர்த் தைப்பூசத்திற்கு வண்டியை அனுப்ப இயலாமற் போயிற்று என்றும் அறிந்தேன். கையாடல் எதுவும் இல்லை. மூன்று பட்டறைகளும் வேலை செய்தே கூலி பெற்றிருக்கின்றன. ஆயினும் ஒழுக்கு நிற்கவில்லை. இது ஏன் என்பதை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம் எனக் கருதி இதனை எழுதுகிறேன்.

மேல்நாடுகளில் சமையலறையும் படுக்கையும் அமைத்துக் குடும்பத்தோடு ஊர் ஊராகச் செல்லும் வீட்டு வண்டிகள் உண்டு. நம் நாட்டில் திரைப்படப் பிடிப்புக்கு வரும் "கேரவன்" அவ்வகையைச் சேர்ந்தது. நமது நடமாடும் கடையின் கூரையும் பெரும்பாலும் அதே அமைப்புடையதே. இரும்புச் சட்டங்களின்மேல் தகடு பரப்பி, ரிவெட்டு அடித்து, உட்புறம் பிளைவுட் பலகை பொருத்தியிருப்பார்கள். தகட்டுக்கும் பலகைக்கும் இடையே இடைவெளி உண்டு. தொல்லை முழுவதும் அவ்விடைவெளியிலேதான் இருக்கிறது.

மேலே புகுந்த நீர் நேராகக் கீழே விழுவதில்லை. சட்டத்தைப் பற்றிக்கொண்டு ஓடி, பலகையில் எங்கு இணைப்போ ஆணித் துளையோ கிடைக்கிறதோ அங்கே சொட்டுகிறது. நான் கண்ட வண்டியில் கைலி அடுக்கின்மேல், பின்கதவின் அருகில் நீர் சொட்டியது. ஆதலின் மூன்று முறையும் பின்புறக் கூரையின்மேலேயே பூசினார்கள். நீர் புகுந்த இடமோ முன்புறத்துக் காற்றுப்போக்கியின் விளிம்பு; ஏறத்தாழ ஏழடி தள்ளி இருந்தது! வண்டி நின்ற தரை பின்பக்கம் சற்றே தாழ்ந்திருந்தது. அவ்வளவே காரணம்.

பூச்சு ஏன் நிலைக்கவில்லை என்பதற்கும் ஒரு விடை உண்டு. கோடை நண்பகலில் தகட்டுக் கூரை கை வைக்க முடியாதபடி காய்கிறது. திடீர் மழையோ அதனைச் சட்டெனக் குளிர்விக்கிறது. 4 மீட்டர் நீளமுள்ள அலுமினியத் தகடு 40 பாகை வெப்ப வேறுபாட்டில் சுமார் 3.7 மில்லிமீட்டர் நீளும். அதனைத் தாங்கும் இரும்புச் சட்டம் ஏறத்தாழ 1.9 மில்லிமீட்டரே நீளும். இவ்வேறுபாட்டை ஒவ்வொரு நாளும் தாங்கவேண்டியது இணைப்பிலுள்ள பசையாகும். கல்போல் இறுகும் பசை வெடித்துவிடுகிறது. தார் வெயிலில் இளகி, நாளடைவில் காய்ந்து பிளக்கிறது. வீட்டு மாடிக்கு ஏற்றது வண்டிக்கும் ஏற்கும் என்று எண்ணுவது தவறு. வீடு ஓடுவதில்லை, வண்டி ஓடுகிறது, குலுங்குகிறது.

நெய்வேலிக்கே உரிய இரு சங்கடங்களையும் சொல்லவேண்டும். நகரியத்துச் சாலைகள் மரநிழல் மிக்கவை. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயலில் இங்கே சாய்ந்த மரங்களை மறந்தவர் இரார். அத்தகைய புயல் வேண்டுவதில்லை; உலர்ந்த கிளை ஒன்று விழுந்து தகட்டில் சிறு பள்ளம் ஏற்படுத்தினாலும் அங்கே நீர் தேங்கும், பக்கத்து ரிவெட்டு தளரும். மற்றொன்று தூசி. பழுப்பு நிலக்கரிச் சுரங்கமும் அனல்மின் நிலையங்களும் உள்ள ஊரில் நுண்ணிய தூசியும் சாம்பலும் கூரையில் படிவது இயல்பு. தூசியின்மேல் இட்ட பசை தகட்டில் ஒட்டாது, தூசியிலேயே ஒட்டும்.

புகும் வாயைக் கண்டறிய ரப்பர் குழாயும் இரண்டு ஆட்களும் போதும். ஒருவர் உள்ளே விளக்குடன் இருக்க, மற்றவர் வெளியே ஏணியில் நின்று, தாழ்ந்த விளிம்பிலிருந்து தொடங்கி ஓர் இணைப்புக்குப் பத்து நிமிடம் வீதம் நீரை மெதுவாக ஓடவிட வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லாம் நனைந்து ஒன்றும் விளங்காது. கூரைமேல் ஏறவேண்டுமாயின், சட்டங்களின் குறுக்கே பலகை இட்டே ஏறுக. வெறுந்தகட்டில் மிதித்தால் புதிய பள்ளம் உண்டாகும். தலைக்குமேல் மின்கம்பி உள்ள இடத்தில் வண்டியை நிறுத்துவது கூடவே கூடாது.

இடம் தெரிந்தவுடன் அடைத்துவிடத் தோன்றும். அவ்வாறு செய்யற்க. நமது சங்கம் செய்த பெரும் பிழை இதுவே. உள்ளே நீர் ஊறியிருக்க மேலே மூடிவிட்டால் ஈரம் வெளியேற வழியின்றிப் பலகையை உளுக்கச் செய்யும், இரும்பைத் துரு தின்னும். உட்பலகையை விரலால் தட்டிப் பாருங்கள். மந்தமான ஓசை எழும் இடத்தில் திருப்புளியை அழுத்தினால் மெத்தென்று இறங்கும். அவ்வண்டியில் கைப்பிடியளவும் இறங்கியது. அத்தகைய பலகையை அறுத்தெடுத்து, மீதியைப் பல நாட்கள் காற்றாட விடவேண்டும். காய்ந்ததா என அறிய, பாலிதீன் தாளைப் பலகைமேல் நாற்புறமும் ஒட்டி ஓர் இரவு விட்டு, காலையில் அதன் உட்புறத்தில் நீர்த்துளி காண்கிறதா எனப் பார்க்கலாம். ஆனி, ஆடி மாதங்களின் காற்று இதற்கு ஏற்றது. ஐப்பசி பிறந்தபின் தொடங்குவது வீண்.

பழைய பசை முழுவதையும் மரக்கரண்டி போன்ற மழுங்கிய கருவியால் சுரண்டி, தகட்டைத் துடைத்துக் காயவிட்டபின், தளர்ந்த ரிவெட்டுகளை மாற்றுக. அலுமினியத் தகட்டிற்கு அலுமினிய ரிவெட்டே வேண்டும்; ஈரத்தில் இரும்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கப்படும். விளிம்புகளின் அடியில் பியூட்டைல் நாடா இட்டு, மேலே நெகிழ்வு குன்றாத பாலியூரித்தேன் பசை பூசுவது நல்லது. காடி நெடி வீசும் மலிவு வகைச் சிலிக்கோன் உலோகத்தை அரிக்கக்கூடும். மேலும், சிலிக்கோன் பூசிய இடத்தில் பின்னர் வேறு வண்ணமோ பசையோ எளிதில் பிடிப்பதில்லை. தார்ப்பாய் போர்த்திச் சமாளிப்போரும் உளர். ஓட்டத்தில் அது படபடத்து வண்ணத்தைத் தேய்ப்பதே கண்ட பலன்.

இனி நிர்வாகக் குழு கவனிக்கவேண்டியவை. மரம் விழுந்தோ புயலாலோ சேதம் உண்டாயின், எதையும் அகற்றுமுன் படம் எடுத்துக் காப்பீட்டு நிறுவனத்திற்குத் தெரிவிக்கவேண்டும். மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டும் உள்ள வண்டிக்கு இச்சேத ஈடு கிடையாது. நாட்பட்ட தேய்வால் வந்த ஒழுக்கிற்கு எந்தக் காப்பீடும் பொதுவாக ஈடு தராது. கூரையை உயர்த்துவது போன்ற மாற்றம் செய்யக் கருதினால், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும் என்பதையும் நினைவிற் கொள்க. பற்றுச்சீட்டில் "கூரை பழுது" என்று மட்டும் எழுதி வாங்காமல், எவ்விடம், எப்பொருள், எத்தனை நாள் காயவிட்டது என்பவற்றையும் பட்டறையாரைக் கொண்டே எழுதச் செய்க. மேற்கூறிய சங்கத்தில் நான்காவது பற்றுச்சீட்டு அவ்வாறு எழுதப்பட்டுள்ளது. அதன்பின் வந்த கார்த்திகை மழையில் வண்டி மந்தாரக்குப்பம் சந்திப்பில் நாள் முழுவதும் நின்றதாகவும், கைலி அடுக்கு நனையவில்லை என்றும் செயலாளர் எழுதியிருக்கிறார்.