மலை ஏறும்போது சூடாகும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்: எக்ஸ்ட்ரா ஆயில் கூலர் மாட்டலாமா?

போன மே மாதம் ஆழியாறு தாண்டி வால்பாறை ஏறிக்கொண்டிருந்தோம். மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். காரில் ஏழு பேர், மேலே கேரியரில் பெட்டிகள், உள்ளே ஃபுல் ஏசி. முன்னால் ஒரு லாரி ஊர்ந்துகொண்டே போனது. பாதி மலையில் டேஷ்போர்டில் ஒரு எச்சரிக்கை: கியர்பாக்ஸ் ஆயில் ஓவர்ஹீட்.

ரிட்டயர்மென்ட் பணத்தில் அப்பா வாங்கிய செகண்ட் ஹேண்ட் ஆட்டோமேட்டிக் எஸ்யூவி அது. “வாங்கி ஆறு மாசம்தான்டா ஆச்சு” என்று அவர் சொன்னபோது குரலே இல்லை. கியர்பாக்ஸ் போனால் செலவு லட்சங்களில் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஊருக்குத் திரும்பியதும் ஒரு ஆக்சஸரீஸ் கடையில் “எக்ஸ்ட்ரா கூலர் ஒண்ணு மாட்டிடுங்க, பிரச்னை முடிஞ்சது” என்றார்கள். நிஜமாகவே முடிந்துவிடுமா? எல்லா காருக்கும் தேவையா? கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

கியர்பாக்ஸ் ஏன் சூடாகிறது?

மேனுவல் காரில் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைப்பது கிளட்ச். வழக்கமான ஆட்டோமேட்டிக்கில் அந்த வேலையைச் செய்வது டார்க் கன்வெர்ட்டர். இதற்குள் எதிரெதிரே இரண்டு விசிறிகள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நடுவே ஆயில். இன்ஜின் ஒரு விசிறியைச் சுற்ற, அது தள்ளும் ஆயில் இன்னொன்றைச் சுற்றுகிறது.

இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றாதபோது, அந்த வித்தியாசம் அப்படியே சூடாக மாறுகிறது. ஹைவேயில் சீராகப் போகும்போது ‘லாக்-அப் கிளட்ச்’ இரண்டையும் பூட்டிவிடும், சூடு குறையும். ஆனால் ஏற்றத்தில் மெதுவாக, பாரத்தோடு ஊர்ந்தால் பூட்டு விழாது. ஆயில் கலங்கிக்கொண்டே, கொதித்துக்கொண்டே இருக்கும்.

பொதுவாக இந்த ஆயில் 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் நிம்மதி. 120 டிகிரியைத் தாண்டி நீண்ட நேரம் ஓடினால் ஆயில் கருகத் தொடங்கும். உள்ளே வார்னிஷ் மாதிரி படலம் படியும், ரப்பர் சீல்கள் இறுகும், கிளட்ச் தட்டுகள் வழுக்க ஆரம்பிக்கும். வழுக்கினால் இன்னும் சூடு. இது ஒரு விஷச் சுழல்.

கம்பெனியே கூலர் வைக்கவில்லையா?

வைத்திருக்கிறது. பல கார்களில் கியர்பாக்ஸ் ஆயில் ஒரு குழாய் வழியாக ரேடியேட்டரின் பக்கவாட்டு டேங்குக்குள் போய், கூலன்ட்டிடம் சூட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பும். சில கார்களில் இந்த ஹீட் எக்ஸ்சேஞ்சர் கியர்பாக்ஸ் மேலேயே பொருத்தப்பட்டிருக்கும்.

சிக்கல் எங்கே என்றால், இன்ஜின் கூலன்ட்டே சுமார் 90 டிகிரியில்தான் இருக்கும். அதைவிடக் கீழே ஆயிலைக் குளிர்விக்க அதனால் முடியாது. ஏற்றத்தில் கூலன்ட்டும் சேர்ந்தே சூடாகும். தனியாக மாட்டும் கூலர் காற்றால் குளிர்விப்பது. அதன் பலமே அதுதான்.

எந்த காருக்குத் தேவையே இல்லை?

பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். ‘ஆட்டோமேட்டிக்’ என்று நாம் சொல்வது ஒரே ஜாதி இல்லை.

ஏஎம்டி: 2014-ல் மாருதி செலேரியோவோடு இந்தியாவுக்கு வந்த வகை. இது மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்ச்சையும் கியரையும் மோட்டார் இயக்குகிறது. டார்க் கன்வெர்ட்டர் கிடையாது. ஆயில் கூலர் மாட்ட இடமும் இல்லை, அவசியமும் இல்லை.

உலர் கிளட்ச் டிசிடி: இதில் டிராஃபிக்கில் சூடாவது கிளட்ச் தட்டுகள். அவை ஆயிலில் மூழ்கியிருக்காது. எனவே ஆயிலைக் குளிர்வித்துப் பயனில்லை, ஓட்டும் முறையை மாற்றுவதுதான் வழி.

டார்க் கன்வெர்ட்டர், சிவிடி, ஈர கிளட்ச் டிசிடி: இவற்றில் ஆயில்தான் சூட்டைச் சுமக்கிறது. கூலர் பற்றி யோசிப்பதாக இருந்தால் இந்த மூன்றுக்கும்தான். அதிலும் வாரத்துக்கு ஐந்து நாள் ஆபீஸ், எப்போதாவது ஈசிஆர் என்று ஓட்டுபவர்களுக்குக் கம்பெனி கூலரே போதும். அமெரிக்கா, ஆஸ்திரேலியாவில் இதை அதிகம் மாட்டுவது கேரவன், படகு என்று பின்னால் கட்டி இழுப்பவர்கள். நம்மூரில் அதற்குச் சமம், அடிக்கடி ஃபுல் லோடில் மலை ஏறுபவர்கள்.

முதலில் செய்ய வேண்டியது என்ன?

பொள்ளாச்சியில் ஒரு மெக்கானிக்கிடம் காரைக் காட்டினோம். அவர் கூலரைப் பற்றிப் பேசவே இல்லை. “முன்னாடி ஆயிலைப் பாருங்க தம்பி. கெட்டுப்போன ஆயிலைக் குளிர வெச்சு என்னங்க பண்றது?” என்றார். இறக்கிப் பார்த்தால் கறுப்பாக, கருகிய வாசனையோடு இருந்தது. பழைய ஓனர் ஒருமுறைகூட மாற்றியதில்லை போல.

எனவே வரிசை இதுதான். ஒன்று, சரியான கிரேடு ஆயிலை மாற்றுங்கள். மேனுவலில் எந்தப் பெயர் போட்டிருக்கிறதோ அதுவே வேண்டும், சிவிடிக்கு சாதாரண ஏடிஎஃப் ஊற்றவே கூடாது. இரண்டு, ரேடியேட்டரும் ஏசி கண்டென்சரும் தூசி, பூச்சி அடைத்திருக்கிறதா என்று பார்த்துச் சுத்தம் செய்யுங்கள். மூன்று, அளந்து பாருங்கள். பல மாடல்களில் ஓபிடி போர்ட்டில் செருகும் ப்ளூடூத் ஸ்கேனர் மூலம் கியர்பாக்ஸ் ஆயில் வெப்பநிலையை மொபைலிலேயே பார்க்கலாம். இவ்வளவுக்குப் பிறகும் ஏற்றத்தில் 110, 115 என்று ஏறினால் கூலருக்கு நியாயம் இருக்கிறது.

ஆயிலில் உலோகத் துகள் இருந்தாலோ, கியர் ஏற்கெனவே வழுக்கினாலோ கூலர் காப்பாற்றாது. தேய்ந்ததை அது ஒட்டவைக்காது.

எதை வாங்குவது?

மூன்று வகை உண்டு. வளைந்த குழாயில் தகடு கோத்த ‘டியூப் அண்ட் ஃபின்’ விலை குறைவு, குளிர்விக்கும் திறனும் குறைவு. ‘பிளேட் அண்ட் ஃபின்’ நடுத்தரம். ‘ஸ்டாக்டு பிளேட்’ சிறிய அளவிலேயே அதிகம் குளிர்விக்கும், விலையும் அதிகம். மலைக்கு என்றால் கடைசி வகைதான் நல்லது.

அளவைத் தேர்ந்தெடுக்க, கூலர் பெட்டியில் போட்டிருக்கும் வாகன எடை ரேட்டிங்கைப் பாருங்கள். காரின் வெறும் எடையோடு ஒப்பிடாதீர்கள். ஆட்கள், லக்கேஜ் எல்லாம் சேர்த்த மொத்த எடையைவிட ஒரு படி மேலே எடுங்கள். ஆயில் ரொம்பக் குளிர்ந்து கெட்டியாவதும் நல்லதல்ல. எனவே, குளிர்ந்த ஆயிலைச் சுற்றுவழியில் திருப்பிவிடும் தெர்மோஸ்டாட் பைபாஸ் உள்ள செட் கிடைத்தால் சிறப்பு. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள்.

எக்ஸ்சேஞ்சர் கியர்பாக்ஸ் மேலேயே இருக்கும் கார்களில் வெட்டி இணைக்க ஹோஸே இருக்காது. அந்த மாடலுக்கென்றே வரும் அடாப்டர் செட் வேண்டும். அது கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

மாட்டும்போது பக்கத்தில் நின்று என்ன பார்க்க வேண்டும்?

1. இடம்: ஏசி கண்டென்சருக்கு முன்னால், உரசாத அளவு இடைவெளி விட்டு. கண்டென்சர் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் டை சொருகிக் கட்டுவது ஈஸி. ஆனால் அதிர்வில் அறுத்து, ஏசி கேஸ் போய்விடும். உலோக பிராக்கெட் போட்டு பாடியில் போல்ட் செய்யச் சொல்லுங்கள். ஹோஸ் இணையும் வாய்கள் மேலே பார்த்து அல்லது பக்கவாட்டில் இருக்கட்டும். கீழே பார்த்தால் உள்ளே காற்று தங்கிவிடும்.

2. வரிசை: கியர்பாக்ஸ், கம்பெனி கூலர், புது கூலர், மீண்டும் கியர்பாக்ஸ். அதாவது திரும்பி வரும் லைனில்தான் புதியது சேர வேண்டும். எது திரும்பும் லைன் என்று சர்வீஸ் மேனுவலில் உறுதி செய்த பிறகே ஹோஸில் கத்தி வைக்கட்டும்.

3. ஹோஸ்: கியர்பாக்ஸ் ஆயிலுக்கென்றே உள்ள ஹோஸ் மட்டும். கையில் இருக்கும் பெட்ரோல் ஹோஸைப் போட விடாதீர்கள், சூட்டில் அது வெடித்துவிடும். சைலென்சர் பைப், ஃபேன், பெல்ட் எதன் பக்கமும் போகக் கூடாது. மடங்கும் அளவு வளைக்கவும் கூடாது.

4. கிளாம்ப்: பைப் முனையில் இருக்கும் புடைப்பைத் தாண்டி இறுக வேண்டும். வெறும் வழவழ ஸ்டீல் பைப்பில் மாட்டினால் ஒருநாள் கழன்றுவிடும்.

5. ஆயில் லெவல்: புது கூலரும் ஹோஸும் கொஞ்சம் ஆயிலைக் குடிக்கும். இன்ஜினை ஓடவிட்டு, பிரேக் மிதித்தபடி பி, ஆர், என், டி என்று மெதுவாக ஒரு சுற்று போட்டு, கம்பெனி சொன்ன வெப்பநிலையில் லெவல் பார்த்து நிரப்ப வேண்டும். குறைந்தாலும் கேடு, அதிகமானாலும் கேடு.

100 கிலோமீட்டர் ஓடியதும் பானட்டைத் திறந்து ஒரு கசிவு செக். வாரன்ட்டி இருக்கும் காரா? ஹோஸை வெட்டும் முன் கம்பெனி சர்வீஸ் சென்டரிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

கூலர் இல்லாமலே சூட்டைக் குறைக்க

ஏற்றத்தில் ‘டி’யிலேயே விடாமல், மேனுவல் மோடில் ஒரு கியர் குறைத்து ஓட்டுங்கள். இன்ஜின் சத்தம் கூடும், பரவாயில்லை, வழுக்கல் குறையும். சரிவில் நிற்கும்போது ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்து காரைப் பிடித்து வைக்காதீர்கள், பிரேக்கைப் போடுங்கள். இது டிசிடிக்கும் பொருந்தும்.

எச்சரிக்கை வந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, ‘பி’யில் போட்டு, இன்ஜினை ஓடவிடுங்கள். ஆயில் பம்ப் சுற்றினால்தான் சூடு இறங்கும். பானட்டிலிருந்து ஆவி வந்தால் மட்டும் உடனே ஆஃப் செய்யுங்கள். அன்றைக்கு நாங்கள் பயந்துபோய் எடுத்த எடுப்பில் சாவியைத் திருப்பி அணைத்தோம். அது தப்பு.

கடைசியில் நாங்கள் என்ன செய்தோம்?

ஆயிலை மாற்றி, ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, ஒரு ஸ்கேனர் வாங்கி, போன மாதம் மறுபடி அதே மலை. அதே ஏழு பேர். இந்த முறை மூன்றாவது கியருக்கு மேல் போகாமல் ஏறினோம். அதிகபட்சம் 103 டிகிரி. எச்சரிக்கை வரவில்லை.

கூலர் மாட்டவில்லை. இனி வருஷத்துக்குப் பலமுறை ஏறுவதாக இருந்தால், நம்பர் ஏறுவதாக இருந்தால் மாட்டுவோம். “அப்போ அந்தக் காசு மிச்சமா?” என்றார் அப்பா. மிச்சம்தான். அடுத்த ஆயில் சர்வீஸுக்கு எடுத்து வைத்திருக்கிறோம்.