சதிக்கதையும் கணக்குப் பேரேடும்

முப்பது வருஷம் தணிக்கை வேலை பார்த்தவன் நான். அதனாலோ என்னவோ, யாராவது ஒரு புகாரை "வெறும் சதிக்கதை" என்று தள்ளினால், "வவுச்சர் என்ன சொல்லுது?" என்றுதான் கேட்கத் தோன்றும். சங்கத்துப் பொங்கல் விழாவில் அன்பர் ஒருவர், "அரசாங்கமே சொந்த ஜனங்களுக்கு மருந்து கொடுத்துச் சோதனை பண்ணுமா சார்? சினிமாக் கதை!" என்று சிரித்தார். அவருக்குச் சொன்ன பதிலே இக்கட்டுரை.

அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ., 1953 ஏப்ரலில் 'எம்.கே.அல்ட்ரா' என்ற ரகசியத் திட்டத்தைத் தொடங்கியது. மனித மனத்தை வசப்படுத்த வழி உண்டா என்று அறிவதே நோக்கம். எல்.எஸ்.டி. என்ற புத்தியைக் கலக்கும் மருந்தைப் பலருக்கு, அவர்கள் அறியாமலே கொடுத்தார்கள். அவ்வாண்டு நவம்பரில் பிராங்க் ஓல்சன் என்ற ராணுவ விஞ்ஞானிக்குப் பானத்தில் கலந்து கொடுத்தார்கள். ஒன்பது நாளில் நியூயார்க் ஓட்டல் ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தார். மருந்து விஷயம் குடும்பத்துக்குத் தெரிந்தது 1975-இல்தான். பிள்ளைகள் வளர்ந்து ஆளாகிவிட்டார்கள்!

இதற்கிடையில், 1973-இல் நிறுவனத் தலைவர் ரிச்சர்ட் ஹெல்ம்ஸ் திட்டத்தின் கோப்புகளை அழிக்க உத்தரவிட்டார். ஆதாரத்தை அழித்துவிட்டு "ஆதாரம் எங்கே?" என்றால் யார் என்ன செய்வது?

ஆனால் கணக்குப் பிரிவின் தாள்கள் வேறிடத்தில் இருந்ததால் தப்பின. தகவல் சுதந்திரச் சட்டப்படி வந்த ஒரு மனுவுக்காகத் தேடியபோது, 1977-இல் சுமார் 20,000 பக்கங்கள் கிடைத்தன. 149 துணைத் திட்டங்கள், 80 நிறுவனங்கள். அவற்றில் 44 கல்லூரிகள், 12 மருத்துவமனைகள், 3 சிறைகள். அப்போதைய தலைவர் ஸ்டான்ஸ்ஃபீல்ட் டர்னரே செனட் சபைக் குழுமுன் இதை ஒப்புக்கொண்டார்.

அதற்காக எல்லா வதந்தியையும் நம்பணுமா? கூடாது. ஓல்சனுக்கு மருந்து கொடுத்தது நிரூபணமானது. அவரை யாரோ தள்ளிவிட்டார்கள் என்ற குடும்பத்தின் சந்தேகம் நிரூபணமாகவில்லை. இரண்டையும் ஒரே பத்தியில் வரவு வைக்கக் கூடாது. அதே சமயம், நிரூபணமாகாததைக் காட்டி நிரூபணமானதையும் தள்ளுபடி செய்யக் கூடாது.

நமக்கும் 2005 முதல் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. மத்திய அரசு அலுவலகம் என்றால் மனுவுக்குக் கட்டணம் பத்து ரூபாய்தான். சந்தேகம் வந்தால் சிரிக்கவும் வேண்டாம், கொதிக்கவும் வேண்டாம், காகிதத்தைக் கேளுங்கள். அங்கே கோப்புகளோடு பெயரும் அழிந்துபோனவர்கள் எத்தனை பேர் என்று இன்றுவரை கணக்கில்லை. அந்தக் கணக்கை இனி யாராலும் நேர்செய்ய முடியாது.