நிலைமின்னும் தொழிற்சாலைத் தரையும்

கண்டி மலைப்புறத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளிற் சலிப்பறையைப் பார்வையிட்டோர் ஒரு விந்தையைக் கண்டிருப்பர். கம்பளித் துண்டினால் உரசப்படும் பிளாத்திக்கு உருளைகள், கீழே ஓடும் உலர்ந்த தேயிலையினின்று தண்டையும் நாரையும் பிரித்து மேலே இழுத்துக்கொள்கின்றன. உராய்வினாற் பிறந்த நிலைமின்னே அங்கு வேலையாளாக நிற்கின்றது. ஆயின், இலத்திரனியற் பொருள்களை இணைக்கும் கூடத்தில் அதே நிலைமின் கொடும் பகையாகும்.

மனிதன் நடக்கும்போது பாதணியும் தரையும் ஒன்றையொன்று தொட்டுப் பிரிகின்றன. உடலில் மின்னேற்றம் சேர்கின்றது. ஏறக்குறைய 3,000 உவோற்றுக்குக் குறைந்த பொறியை நாம் உணர்வதேயில்லை. குறைகடத்தித் துணுக்கினுள்ளிருக்கும் ஒட்சைட்டுப் படலமோ சில நனோமீற்றர் தடிப்பே உடையது. அவற்றுட் சில 100 உவோற்றுக்கே பழுதடையும். பழுது உடனே வெளிப்படின் பொருளைக் கழித்துவிடலாம். பாதி பழுதுற்ற துணுக்கு சோதனையிற் தேறி, வாங்கியவர் கையில் மாதங்கள் கழித்துச் செயலிழப்பதே பெருங்கேடு.

கண்டியின் ஈரக்காற்று இதனைத் தடுக்குமென்று எண்ணுவோர் உளர். அவ்வெண்ணத்திற் பாதியே உண்மை. பொதுவாக எடுத்துக்காட்டப்படும் அளவுகளின்படி, சாதாரண வைனில் தரையில் நடப்பவன் உடலில், காற்றின் சாரீரப்பதன் 20 வீதத்துக்கு உட்பட்டபோது 12,000 உவோற்று வரை எழலாம். 65 வீதத்துக்கு மேற்பட்டபோது 250 உவோற்றளவே எழும். அந்த 250 உவோற்றும் மேற்கூறிய 100-ஐ விஞ்சியதன்றோ? அன்றியும், குளிரூட்டிய கூடத்தில் வெளியீரம் நிலைப்பதில்லை. ஆண்டின் தொடக்கத்து வறண்ட மாதங்களும் உள்ளன.

ஆகவே மின்னேற்றத்தை மெல்ல நிலத்துக்கு வடியவிடும் தரை வேண்டும். அமெரிக்க, சர்வதேச நியமங்கள், தரையின் தடை 100 கோடி ஓமுக்குக் குறைதல் வேண்டும் என்கின்றன. தடை குறையக் குறைய நன்மை என்று கொள்ளுதலும் பிழை. மிகக் குறைந்த தடையுள்ள தரையில் நின்றவாறு 230 உவோற்றுக் கம்பியைத் தீண்டும் தொழிலாளியின் உயிருக்கே இடர் நேரும். ஈதர் மயக்கமருந்து வழங்கிய காலத்தில், பொறியினால் வெடிப்பு நிகழாவண்ணம் சத்திரசிகிச்சைக் கூடங்களிற் கடத்தும் தரை இட்டனர். அதற்கும் அமெரிக்க விதி 25,000 ஓமைக் கீழெல்லையாகவும் 10 இலட்சம் ஓமை மேலெல்லையாகவும் வகுத்திருந்தது. அவ்வறிவு இன்றும் பயன்படத்தக்கது.

காபன் கலந்த வைனில் ஓடு, இறப்பர் விரிப்பு, காபன் கலந்த எப்பொக்சிப் பூச்சு என்பன வழக்கிலுள்ள தெரிவுகள். எப்பொக்சி மூட்டின்றி அமையும், தள்ளுவண்டிகளுக்கு ஏற்றது, ஆனாற் பூச்சின் தடிப்பு வேறுபடின் தடையும் இடத்துக்கிடம் வேறுபடும். இரு பருவக்காற்றுகளாலும் மழைபெறும் கண்டிப் பகுதியில் முதலில் நோக்கவேண்டியது அடியிலுள்ள கொங்கிறீற்றின் ஈரமேயாகும். கீழிருந்து ஏறும் ஈரம் பசையையும் பூச்சையும் பெயர்த்துவிடும். பல்லேகலைக் கைத்தொழிற் பேட்டை போன்ற இடத்திற் புதுக்கூடம் அமைப்போர், ஈரத்தடுப்புப் படலத்தைக் கொங்கிறீற்றின் கீழேயே இடுதல் நன்று. பழைய கட்டடமாயின் பழுதுற்றதை மட்டும் பெயர்த்து மாற்றத்தக்க வைனில் ஓடே தகுதியுடையது. ஓட்டின் கீழ்க் கடத்தும் பசையும் செப்பு நாடாவும் இட்டு, நாடாவைப் புவித்தொடுப்புடன் இணைத்தல் வேண்டும்.

தரையை அளக்கும் முறை எளிது: 2.5 கிலோகிராம் நிறையுள்ள மின்வாயைத் தரைமேல் வைத்து, அதற்கும் புவித்தொடுப்புக்கும் இடையிலுள்ள தடையைக் காண்பர். ஆயின் மழைமாதத்திற் பெற்ற நல்லளவு ஈரத்தின் புகழேயன்றித் தரையின் புகழன்று. வணிகர் காட்டும் சான்றிதழில், 12 வீத ஈரப்பதனிற் சோதிக்கப்பட்டதா என வினவுதல் தகும்.

இத்தனையும் செய்தபின் தொழிலாளர் வழக்கமான இறப்பர்ச் செருப்புடன் நுழைவாராயின் செலவு முழுவதும் வீண். அச்செருப்பு காவலி, உடலுக்கும் தரைக்கும் இடையே அது சுவராக நிற்கும். கடத்தும் பாதணியோ குதிகாற் பட்டையோ அணிந்தாலன்றித் தரை பயன்தராது. மனிதன், பாதணி, தரை மூன்றையும் சேர்த்து அளந்து, நடக்கும்போது உடலில் எழுவது 100 உவோற்றுக்கு மேற்படாமையைக் காணவேண்டும். அமர்ந்து வேலைசெய்வோர்க்கு மணிக்கட்டுப் பட்டை உண்டு. நின்றும் நடந்தும் வேலைசெய்வோர்க்குத் தரையே துணை.

இன்னொன்று, சிறிதாயினும் புறக்கணிக்கத்தகாதது. சிவப்புச் சீமெந்துத் தரையை மெழுகிட்டுப் பளபளப்பாக்குவது நம்மவர் வழக்கம். துப்புரவாளர் அவ்வழக்கப்படி இத்தரைக்கும் சாதாரண மெழுகு பூசின், மெழுகுப் படலமே காவலியாகிவிடும். எனவே தரையைத் தெரிவுசெய்யும் நாளிலேயே அதனைத் துடைப்பவருக்கும் செய்தி சொல்லப்படல் வேண்டும்.