மாப்பிள்ளையா, சம்பந்தி வீடா?

ஒன்றுபோலவே தெரியும் இரண்டு குட்டி கேமராக்கள். எதை வாங்குவது? திருச்சானூர் கல்யாண மண்டபங்களில் விடை இருக்கிறது.

கெட்டிமேளம் முழங்கப்போகிறது. மணமக்களுக்கு நடுவே பிடித்திருக்கும் திரை எந்த நொடியும் இறங்கிவிடும். தெலுங்குக் கல்யாணம் என்றால் சீரகமும் வெல்லமும் வைத்த வெற்றிலையை ஒருவர் தலையில் ஒருவர் அழுத்தும் கணம்தான் முகூர்த்தம். தமிழ்க் கல்யாணம் என்றால் தாலி முடிச்சு. எதுவானாலும் சில வினாடிகள். சுற்றிலும் ஹோமப் புகை, தலைக்கு மேல் டியூப் லைட், மேடையை மறைத்துக்கொண்டு உறவினர் கூட்டம். படம் தப்பிவிட்டால் இன்னொரு முறை தாலி கட்டச் சொல்ல முடியாது.

பத்மாவதித் தாயார் குடிகொண்ட திருச்சானூரில் இந்தக் காட்சி ஆண்டு முழுவதும் நடக்கிறது. திருப்பதியிலிருந்து சில கிலோமீட்டரில் இருக்கும் இந்த ஊருக்குச் சித்தூர், வேலூர், சென்னை என்று பல திசைகளிலிருந்தும் கல்யாணக் கோஷ்டிகள் வருகின்றன. கூடவே புகைப்படக்காரர்களும். கோயிலுக்குள் கேமராவுக்கு இடமில்லை. மண்டபமும் மாட வீதியும்தான் அவர்களுடைய களம். கார்த்திகை பிரம்மோற்சவத்தில் இரவு வாகன சேவைகள் வீதியில் வரும்போது, முக்கியமாக கஜ வாகனத்தன்று, தோளில் பெரிய கேமராவை மாட்டிக்கொண்டு நெரிசலில் நகர்வதே சாகசம்.

குட்டி கேமராக்களுக்கு மவுசு கூடியது இதனால்தான். பழைய எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவே ஒரு கண்ணாடி உண்டு. அதை எடுத்துவிட்டால் உடம்பு மெலிகிறது, லென்ஸை மாற்றும் வசதியோ அப்படியே இருக்கிறது. 2008ல் பானசோனிக் ஜி1 இந்தப் பாதையைத் திறந்தது. 2010ல் சோனியும் 2012ல் ஃபுஜிஃபில்மும் தங்கள் வரிசைகளோடு உள்ளே வந்தன.

வாங்குகிறவர்களைத் திணறவைத்தது 2019. அந்த ஜனவரியில் சோனி ஆல்ஃபா 6400 அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதமே ஃபுஜியின் எக்ஸ்-டி30. இரண்டின் உடம்பும் அமெரிக்காவில் சுமார் 900 டாலர். அதன் பிறகு எக்ஸ்-டி30க்கு இரண்டு வாரிசுகள் பிறந்துவிட்டன. சோனியின் ஆல்ஃபா 6700ம் 2023ல் வந்துவிட்டது. ஆனால் முதல் கேமராவைப் பழைய விலைக்குத் தேடும் இளைஞர் முன் இந்த ஜோடி இன்னும் வந்து நிற்கிறது.

எண்களில் இரட்டையர்

காகிதத்தில் இவற்றைப் பிரித்தறிவது கஷ்டம். சோனிக்கு 24.2 மெகாபிக்சல், ஃபுஜிக்கு 26.1. எடை பேட்டரியோடு 403 கிராம், 383 கிராம். வித்தியாசம் நாலு வெற்றிலை எடை. உள்ளே வெளிச்சத்தை வாங்கும் சென்சாரின் அளவு ஒன்றே. ஒருமுறை சார்ஜ் செய்தால் சோனி சுமார் 410 படம், ஃபுஜி சுமார் 380. கல்யாணத்துக்கு எதுவும் போதாது. இரண்டிலும் கூடுதல் பேட்டரி மூன்றாவது பையில் இருந்தாக வேண்டும்.

குறைகளிலும் ஒற்றுமை. கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஏற்பாடு இரண்டின் உடம்பிலும் இல்லை. லென்ஸில் இருந்தால்தான் உண்டு. இதைவிடப் பெரிய குறை, இரண்டுக்கும் மெமரி கார்டு போட ஒரே பள்ளம். கார்டு கெட்டால் கல்யாணமே காணாமல் போகும். ஒரே நேரத்தில் இரண்டு கார்டில் பதியும் பெரிய கேமராவை முதன்மையாக வைத்துக்கொண்டு, இவற்றைத் துணைக்கு வைத்துக்கொள்வதே விவேகம். இதுதான் ஒரே கேமரா என்றால் சடங்குக்குச் சடங்கு கார்டை மாற்றிவிட வேண்டும்.

வேலையில் வேறுபாடு

மேடை ஏறியதும் இரட்டையர் பிரிகிறார்கள். திரை இறங்கி மணப்பெண் முகம் தெரிந்ததும் கண்ணைப் பிடித்துக்கொண்டு விடாமல் தொடர்வதில் சோனி கெட்டி. நடுவே யாராவது தலையை நீட்டினாலும் பிடியை அத்தனை சுலபமாக விடாது. ஃபுஜியும் கண்ணைத் தேடும். ஆனால் நகரும் முகத்தைத் தொடர்வதில் சோனியே ஒரு படி மேல்.

வீடியோவில் இடைவெளி இன்னும் அதிகம். எக்ஸ்-டி30 ஒரே மூச்சில் 4கே தரத்தில் பத்து நிமிடம்தான் பதியும். கன்னிகாதானம் தொடங்கி தாலி முடியும்வரை நிறுத்தாமல் ஓடவேண்டிய இடத்தில் இது பெரும் தலைவலி. ஆல்ஃபா 6400க்கு அப்படி வரம்பு இல்லை. கார்டும் பேட்டரியும் உடம்புச் சூடும் இடம் கொடுக்கும்வரை ஓடும். ஃபுஜி இந்த வரம்பை 2021ல் வந்த எக்ஸ்-டி30 II கேமராவில் அரை மணியாக்கியது. பழையதை வாங்குகிறவர்கள் பெயருக்குப் பின்னால் அந்த II இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

மழையும் கணக்கில் வரும். பிரம்மோற்சவம் நடப்பது வடகிழக்குப் பருவத்தில். ஆல்ஃபா 6400 தூசியையும் ஈரத்தையும் ஓரளவு தாங்கும் என்று சோனி அறிவித்திருக்கிறது. எக்ஸ்-டி30க்கு அந்தக் காப்பு கிடையாது. எதற்கும் ஒரு பிளாஸ்டிக் உறை பையில் இருக்கட்டும்.

ஃபுஜியின் பலம் வேறு. ஷட்டர் வேகத்துக்கு மேலேயே ஒரு சக்கரம். பிலிம் கேமராவில் பழகிய கை மெனுவைத் துழாவாமல் திருகிவிடும். ஃபோகஸ் புள்ளியை நகர்த்த முதுகில் ஒரு குட்டிக் குமிழ். சோனியில் அது இல்லை. கட்டைவிரலும் மெனுவும்தான் கதி. ஃபுஜியின் நிறங்களோ பிலிம் காலத்துச் சொத்து. 1990ல் ஸ்லைடு பிலிமாக வந்த வெல்வியாவின் நிறம் இன்று ஒரு பொத்தானில் இருக்கிறது. கோபுரத்துக்கும் பூ அலங்காரத்துக்கும் வெல்வியா ஜொலிக்கும். மஞ்சள் பூசிய முகத்துக்கு அது ஆகாது, அஸ்டியா போதும். அன்று மாலையே படம் கொடுக்க வேண்டிய ஸ்டூடியோவுக்கு இது வேலையை மிச்சப்படுத்தும். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒவ்வொரு படத்துக்கும் நிறம் சரிசெய்கிறவருக்கு இந்தச் சலுகை பெரிதில்லை.

லென்ஸ் என்னும் குடும்பம்

ஆனால் நிஜமான கேள்வி உடம்பைப் பற்றியதல்ல. கேமராவின் உடம்பு மாப்பிள்ளை, லென்ஸ் சம்பந்தி வீடு. மாப்பிள்ளைக்குச் சில வருடத்தில் வயதாகிவிடும். சம்பந்தி வீட்டோடு உறவு நீடிக்கும். சோனியின் லென்ஸ் ஃபுஜியில் பொருந்தாது, ஃபுஜியினுடையது சோனியில் பொருந்தாது. இரண்டு மூன்று நல்ல லென்ஸ் சேர்ந்ததும் உடம்பின் விலையை அவை தாண்டிவிடும். பிறகு மனம் மாறினால் நஷ்டம்.

சோனி தன் லென்ஸ் வாயின் அளவுகளை 2011லேயே மற்ற கம்பெனிகளுக்குத் திறந்துவிட்டது. அதனால் சிக்மா, டாம்ரான் லென்ஸ்கள் மலிவாகக் கிடைத்தன. இருட்டு மண்டபத்துக்கேற்ற சிக்மாவின் எஃப் 1.4 லென்ஸ்கள் மூன்று 2018க்குள் சோனிக்கு வந்துவிட்டன. அதே மூன்றும் ஃபுஜிக்கு வந்தது 2022ல். 2019ல் பெரிதாக இருந்த பள்ளம் இன்று பெருமளவு தூர்ந்துவிட்டது. இன்னொரு வித்தியாசம் மிச்சமிருக்கிறது. பின்னால் முழு அளவு சென்சார் கேமராவுக்குப் போக விரும்பினால் சோனியில் அதே வாயில் ஏறலாம். ஃபுஜியில் அந்தப் படி கிடையாது.

கேமராவோடு சேர்த்துத் தரும் லென்ஸிலோ ஃபுஜி ஜெயிக்கிறது. அதன் 18-55 லென்ஸ் எட்டப் பார்க்கும்போதும் எஃப் 4ல் நிற்கிறது. சோனியின் 16-50 அங்கே 5.6க்கு இறங்கிவிடும். இருட்டில் அது இரண்டு மடங்கு வெளிச்ச வித்தியாசம். ஃபுஜி இன்னொரு மலிவான 15-45 லென்ஸோடும் விற்கப்பட்டது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

தொண்ணூறு வருஷத்துச் சண்டை

இந்தக் குழப்பம் புதிதல்ல. ஜெர்மனியில் 1932ல் லைக்கா II கேமராவும் காண்டாக்ஸும் எதிரெதிரே நின்றன. இரண்டும் கையடக்கம், இரண்டிலும் லென்ஸ் மாற்றலாம், ஒன்றின் லென்ஸ் மற்றதில் ஏறாது. ராபர்ட் காப்பா காண்டாக்ஸைத் தூக்கிக்கொண்டு 1944 ஜூனில் நார்மண்டி கரையில் இறங்கினார். அவரது நண்பர் ஹென்றி கார்த்தியே-பிரஸ்ஸானின் கையில் லைக்கா. 1950 ஏப்ரலில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களைப் பதிவு செய்ய அவர் திருவண்ணாமலையில் இருந்தார். இருவரும் சேர்ந்துதான் 1947ல் மேக்னம் நிறுவனத்தை வேறு சிலரோடு தொடங்கினார்கள். யாருடைய படத்தையும் பார்த்து எந்தக் கேமரா என்று உலகம் கேட்கவில்லை.

ஆனால் குடும்பக் கணக்கு அன்றும் பொய்க்கவில்லை. 1961ல் அந்தக் காண்டாக்ஸ் வரிசை நின்றுபோனது. லைக்கா தொடர்ந்தது. நம் காலத்திலும் நிக்கான் 1 வரிசை 2011ல் பிறந்து 2018ல் முடிந்தது. 2012ல் வந்த கேனான் ஈ.ஓ.எஸ். எம். 2023ல் விடைபெற்றது. அவற்றின் லென்ஸ்களைச் சேர்த்தவர்கள் சம்பந்தி வீடு இடிந்த நிலையில் நிற்கிறார்கள். சோனிக்கும் ஃபுஜிக்கும் இன்று அந்தப் பயம் இல்லை என்பது ஆறுதல்.

ஆக, முடிவு தொழிலைப் பொறுத்தது. கல்யாண வீடியோவே சோறு போடுகிறதென்றால் சோனி. புகைப்படமே பிரதானம், அன்றைக்கே நல்ல நிறத்தில் கொடுக்க வேண்டும் என்றால் ஃபுஜி. அவசரத்துக்கு லென்ஸ் கடன் தரக்கூடிய பக்கத்து ஸ்டூடியோக்காரர் எதை வைத்திருக்கிறார் என்பதும் லேசான விஷயமில்லை. தயக்கம் தீராவிட்டால் இரண்டையும் ஆளுக்கொரு நாள் வாடகைக்கு எடுத்து, முகூர்த்தமில்லாத ஒரு வரவேற்பில் சோதித்துப் பார்க்கலாம்.

பத்மாவதியைக் கைப்பிடிக்கக் குபேரனிடம் வாங்கிய கடனுக்கு ஏழுமலையான் இன்னும் வட்டி கட்டுகிறார் என்பது ஐதீகம். தவணையில் கேமரா வாங்கும் இளைஞருக்குக் குபேரன் அத்தனை அவகாசம் தரமாட்டான். அடுத்த முகூர்த்தத்திலேயே அது சம்பாதிக்க ஆரம்பிக்க வேண்டும்.