கொழும்பிலே ஒரு பகற்பொழுது

கல்விச் சுற்றுலா என்பது இந்நாளிற் பாடசாலைதோறும் ஆண்டுக்கொருமுறை நிகழும் திருவிழாவாகிவிட்டது. அத்திருவிழாவில் யானும் பலமுறை வடம் பிடித்தவன். சென்ற ஆவணி விடுமுறையில் எம் மாணாக்கர் நாற்பத்திருவரைக் கொழும்புக்கு அழைத்துச் சென்றோம். ஒரு பகலில் ஒன்பது இடங்களைக் காண்பதென்று நிரல் வகுக்கப்பட்டிருந்தது. ஒன்பதையும் கண்டோம் என்று அதிபருக்கு அறிக்கை எழுதுதல் எளிது. கண்டது யாது என்று பிள்ளைகளை வினாவுதல் அத்துணை எளிதன்று. அன்று எம் பிள்ளைகள் கண்டதும் காணாததும், அதில் ஆசிரியனாகிய என் பங்கும் பற்றிச் சில சொல்லுதல் வேண்டும்.

மாலையிற் புறப்பட்ட பேருந்து அநுராதபுரம், புத்தளம், சிலாபம் வழியாக இரவெல்லாம் ஓடிற்று. மதவாச்சி வரையும் பிள்ளைகள் பாடினர். அப்பால் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து உறங்கினர். எனக்கு உறக்கம் வந்திலது. யான் முதன்முதலாகக் கொழும்பைக் கண்டது 1993ஆம் ஆண்டில். 1990இல் நின்றுபோன புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது 2014இலேதான். இடைப்பட்ட அக்காலத்தே, கிளாலிக் கடனீரேரியை இரவோடிரவாகப் படகிற் கடந்து, வவுனியாவிற் காத்துக் கிடந்து, நான்காம் நாட் கோட்டை நிலையத்தில் இறங்கினேன். புறக்கோட்டையில் ஒரு விடுதியிற் தங்கிப் பொலிசிற் பெயரைப் பதிந்து, வந்த கருமம் முடிந்த மறுநாளே திரும்பினேன். நூதனசாலை எத்திசையிலுள்ளது என்று ஒருவரை வினாவவும் அன்று எனக்குத் துணிவில்லை. இப்போது என்னோடு வந்த பிள்ளைகளோ போர் ஓய்ந்த 2009ஆம் ஆண்டையொட்டிப் பிறந்தவர்கள். அடையாள அட்டையைச் சட்டைப்பையில் அடிக்கடி தொட்டுப் பார்க்கும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. அதனை எண்ணுந்தோறும் ஓர் ஆறுதல். சிறிது பொறாமையும் உண்டென்றே ஒப்புக்கொள்கின்றேன்.

விடியற்காலையிற் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலில் இறங்கிக் கால்முகம் கழுவி வழிபட்டோம். சேர். பொன். இராமநாதன் அவர்கள் 1907 தொடக்கம் 1912 வரையிற் கருங்கல்லாலே எடுப்பித்த திருக்கோயில் அது. வெளியே துறைமுகப் பாரவண்டிகள் இரைந்து செல்ல, உள்ளே கற்றூண்களின் குளிர்ச்சி. பின்னர்க் கோட்டைப் பகுதியைப் பேருந்திலிருந்தவாறே பார்த்தோம். 1857இல் மணிக்கூட்டுக் கோபுரமாக எழுந்து பத்தாண்டின்பின் வெளிச்சவீடாகவும் ஆன அக்கட்டடத்தைச் சுட்டிக்காட்டுமுன் வண்டி கடந்துவிட்டது. கடந்தால் என்ன, நிரலில் அதற்கும் ஒரு கோடு இடப்பட்டது.

யான் காத்திருந்தது நூதனசாலைக்கே. தேசாதிபதி வில்லியம் கிறெகரி காலத்தில், ஜேம்ஸ் சிமிதர் வரைந்த படத்தின்படி, வாப்பிச்சி மரைக்கார் கட்டிமுடித்த வெண்மாளிகை, 1877இல் திறக்கப்பெற்றது. முன்றிலிலே பேராலமரங்கள். உள்ளே, ஒல்லாந்தர் 1693இற் கண்டி மன்னனுக்கு அளித்த சிம்மாசனத்தைப் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டனர். 1815இல் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு 1934இல் மீண்டு வந்தது அது. பொலநறுவையிற் கிடைத்த நடராச வடிவத்தின் முன் ஒரு சிறுமி செருப்பைக் கழற்றிவிட்டாள். காவலாளி சிரித்தார், தடுக்கவில்லை.

கல்வெட்டுக்கள் உள்ள இடத்துக்கு வந்தோம். காலியில் அகப்பட்ட மும்மொழிக் கல்வெட்டை அறியாத தமிழாசிரியர் இலர். நான்கே முக்கால் அடி உயரமும் இரண்டரை அடி அகலமும் உடைய பலகைக் கல். தலைப்பிலே இரண்டு சீனப் பறவைநாகங்கள். மிங் மரபினனாகிய யொங்லே பேரரசன் பெயரால் 1409இற் சீனத்திலே பொறிக்கப்பட்டு, கடற்றலைவன் செங் ஹேயினால் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. சீனப்பகுதி புத்தபிரானையும், தமிழ்ப்பகுதி தேனவரை நாயனாரையும், பாரசீகப்பகுதி இசுலாமியர் வணங்கும் இறைவனையும் போற்றுகின்றன. தேனவரை என்பது தெற்கே கடலோரத்துத் தெவிநுவர. அங்கிருந்த திருமால் கோயிலைப் போர்த்துக்கேயர் 1588இல் இடித்தனர். ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி, பட்டு, நறுநெய் என்று காணிக்கைகள் வரிசையாய்க் கூறப்படுகின்றன. ஐந்நூறாண்டின் பின், 1911இல், இக்கல் காலி நகரத்து மதகொன்றிலே மூடுகல்லாகக் கிடக்கக் கண்டெடுத்தனர். தமிழ்ப்பகுதியைப் பேராசிரியர் பரணவிதான படித்து வெளியிட்டார்.

இவற்றையெல்லாம் யான் பிள்ளைகளுக்கு எடுத்துரைத்தேன். இருபதாண்டாக வகுப்பறையிற் சொல்லிவந்த பொருளைக் கல்லின் முன்னே நின்று சொல்ல வாய்த்ததே என்ற மகிழ்ச்சியிற் குரலும் உயர்ந்தது. கால்மணி நேரம் கடந்திருக்கும். உடன்வந்த ஆசிரியை கைக்கடிகாரத்தைக் காட்டினார். “நடவுங்கோ, நடவுங்கோ” என்று பிள்ளைகளை வெளியேற்றினோம்.

பேருந்தடியில் எண்ணினோம். நாற்பத்தொருவர். மீண்டும் எண்ணினோம், அதே தொகை. பிள்ளையொன்றைப் பெருநகரிலே தவறவிட்ட ஆசிரியனுடைய நெஞ்சு எவ்வாறு துடிக்கும் என்பதை அனுபவித்தோர் அறிவர். முன்றில், பூங்கா, நீர்த்தாங்கியடி எல்லாம் ஓடித் தேடி, ஈற்றில் உள்ளே புகுந்தேன். ஒன்பதாந் தரத்துப் பிள்ளையொருத்தி அக்கல்லின் முன் முழந்தாளிட்டிருந்து கொப்பியில் எதையோ வரைந்துகொண்டிருந்தாள். அச்சம் கோபமாய் மாறுதற்குக் கணப்பொழுதும் வேண்டா. அங்கிருந்தோர் திரும்பிப் பார்க்கும்படி அவளைக் கடிந்தேன்.

அவள் அழவில்லை. தலை குனிந்தவாறே சொன்னாள்: “ஐயா, நீங்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நிண்டதாலை நான் கல்லைப் பாக்கேல்லை.”

அப்பொழுதுதான் எனக்குத் தோன்றிற்று: கால்மணி நேரம் முழுவதும் யான் கல்லுக்கு முதுகைக் காட்டியே நின்றிருக்கின்றேன். நூலிற் கற்றதை ஒப்புவித்தேனேயன்றிக் கல்லை யானும் நோக்கவில்லை. என் உடம்பு மறைத்தமையாற் பிள்ளைகளும் நோக்கவில்லை.

கொப்பியை வாங்கிப் பார்த்தேன். ஏழெட்டு எழுத்துக்கள். அவளுடைய பாட்டனார் ஊரிலே நாட்டு வைத்தியர். அவர்தம் ஏடுகளைப் பார்த்துப் பழகிய கண் அவளுடையது. பழைய எழுத்திற் புள்ளி இடப்படாது என்பதும், ரகரமும் காலும் ஒருபடித்தாய் இருக்கும் என்பதும் யான் கற்பிக்காமலே அவளுக்குத் தெரிந்திருந்தன. அதற்குள் என்னைத் தேடிவந்த பையன்கள் நால்வர் பின்னே நின்றனர். அவள் விரலால் வெளியிலே எழுதிக் காட்டி, “நா... ய...” என்று தொடங்கவும் அவர்கள் வாய்விட்டுச் சிரித்தனர். அவள் முகம் சிவந்தது. “சிரியாதேங்கோ. மிச்சத்தையும் வாசியுங்கோ பாப்பம்” என்றேன். நால்வரும் குனிந்தனர். தேய்ந்துபோன எழுத்து, கண்ணாடியிற் பட்ட வெளிச்சம் வேறு. ஒருவன் “ன” என்றான், மற்றொருவன் மறுத்தான். இறுதியில் ‘நாயனார்’ என்ற சொல் ஐவர் வாயிலும் ஒருங்கே வந்தபோது, பரீட்சை மண்டபத்தில் ஒருபோதும் காணாத ஒளியொன்றை அம்முகங்களிற் கண்டேன்.

பேருந்துக்குத் திரும்பும் வழியில் அப்பிள்ளை வினாவினாள்: “ஐயா, சீனத்திலை இருந்து இந்தத் தமிழை எழுதிக் குடுத்தவர் ஆர்?”

இருபதாண்டாக அக்கல்வெட்டைக் கற்பித்தவன் யான். பேரரசன் பெயரைச் சொன்னேன், கடற்றலைவன் பெயரைச் சொன்னேன், காணிக்கைத் தொகையைச் சொன்னேன். கடல் கடந்து சென்று, அந்நியர் நகரொன்றிலே, கற்றச்சனுக்குத் தன் தாய்மொழியின் எழுத்தை வரைந்து கொடுத்த அந்த ஒருவனைப் பற்றி ஒருமுறையேனும் எண்ணிப் பார்த்தேனில்லை. வணிகனோ, மாலுமியோ, துபாசியோ? கல்லிலே அவன் பெயர் இல்லை. “எனக்குத் தெரியாது, பிள்ளை” என்றேன். சற்று முன் அவளைக் கடிந்தது தவறென்றும் சொன்னேன். பையன்கள் கேட்டுக்கொண்டுதான் வந்தனர்.

தேடியதிலும் படித்ததிலும் முக்கால் மணி நேரம் கழிந்துவிட்டது. விகாரமகாதேவிப் பூங்காவிற் சோற்றுப் பொதிகளை அவிழ்த்து உண்டு, தெகிவளை மிருகக்காட்சிச்சாலைக்குப் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. சிறுவர் சிலர் என்னை முறைத்துப் பார்த்தனர், அவர்களிற் குற்றமில்லை. நீர்யானை வாய்திறந்ததைக் கண்ட ஒருவன் தான் வந்த பயன் முடிந்ததென்றான். அவனுடைய பயனை இழிவென்று சொல்ல யான் யார்? அவன் நீர்யானையை உற்றுப் பார்த்தான். யான் கல்லையும் பார்க்கவில்லை. எஞ்சிய இடங்களை நிரலினின்றும் நீக்கினோம்.

அந்திப்பொழுதிற் காலிமுகத்திடல். பண்ணைக் கடலின் அடங்கிய நீரையே கண்டு வளர்ந்த பிள்ளைகள், அலையெறியும் மேல்கடலின் முன்னே முதலில் வாயடைத்து நின்றனர். பின் பாதம் நனையுமட்டும் இறங்கினர். இறால் வடைக்காரரிடம் கூட்டம். யான் கடலை வாங்கினேன். 2022இல் மக்கள் கூடாரமடித்துப் போராடிய இடம் இதுதானா என்று பெரிய பையனொருவன் கேட்டான், ஆம் என்றேன். தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் 1856இற் தொடங்கி 1859இல் முடித்த நடைபாதை இது. நகரத்துப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் உரியதாகப் பேணும்படி தமக்குப் பின்வருவோரை வேண்டி அவர் பொறித்துவைத்த கல்லொன்றும் அங்குண்டு. அதனைப் பற்றிய சொற்பொழிவு நாநுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். கல்லிருக்கும் இடத்தை மட்டும் கைகாட்டினேன். இருவர் போய் ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படித்து வந்தனர். ஏனையோர் பட்டம் விடுவோரைப் பார்த்திருந்தனர். தொலைவிலே தாமரைக் கோபுரம் நிறம் மாறி மாறி ஒளிர்ந்தது.

ஏறும்போது எண்ணினேன். நாற்பத்திருவர்.

வரும் ஆண்டுச் சுற்றுலாவுக்கு இப்போதே ஆசிரியர் அறையில் வாதம் தொடங்கிவிட்டது. மூன்றே இடம், அவற்றுள் நூதனசாலைக்கு அரைநாள், அங்கே ஆசிரியர் எவரும் முதல் அரைமணி நேரம் வாய் திறத்தலாகாது என்பது என் முறைப்பாடு. மூன்று இடத்துக்காக நானூறு கிலோமீற்றர் போவதா, பெற்றோர் பணத்துக்கு என்ன விடை சொல்வது என்கிறார் கணித ஆசிரியர். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. மிருகக்காட்சிச்சாலையை விடுவதில்லை என்பதில் மட்டும் இருவரும் ஒத்துக்கொண்டோம்.